எத்தனை பேருக்குத்தான் கொடுக்கிறது? இரக்கச் சோர்வு பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஏழைக்கு உதவுவது பற்றிப் பேச்சு வந்தால் வீட்டிலும் டீக்கடையிலும் அலுவலகத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழுபவை மூன்று வாக்கியங்கள். "எத்தனை பேருக்குத்தான் கொடுக்கிறது?" "காசு கொடுத்தா நேரா டாஸ்மாக்குத்தான் போவான்." "கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிட வேண்டியதுதானே?"

மூன்றையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. அதனால் மூன்றும் ஒரே மனநிலை என்று தோன்றிவிடும். ஆனால் முதலாவதில் இருப்பது களைப்பு, இரண்டாவதில் இருப்பது சந்தேகம், மூன்றாவதில் இருப்பது தீர்ப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி முளைக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், இரக்கச் சோர்வு என்று உளவியலாளர்கள் சொல்வது என்ன என்பது பிடிபடும். 'சனங்களுக்கு நெஞ்சே கல்லாகிவிட்டது' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏனென்றால், ஆய்வுகள் சொல்லும் கதை அப்படி இல்லை.

மருத்துவமனை வார்டில் தொடங்கியது

1992-ல் கார்லா ஜாய்ன்சன் என்பவர் அமெரிக்கச் செவிலியர் இதழ் ஒன்றில், நோயாளிகளைக் கவனித்துக் கவனித்தே செவிலியர்கள் உள்ளுக்குள் தேய்ந்துபோவதைப் பற்றி எழுதினார். அப்போது அவர் பயன்படுத்திய சொல்தான் 'கம்பாஷன் ஃபட்டீக்', அதாவது இரக்கச் சோர்வு. 1995-ல் சார்ல்ஸ் ஃபிக்லி என்ற உளவியலாளர் அதை விரிவாக்கினார். விபத்து, வன்முறை, போர் ஆகியவற்றில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தருபவர்கள், அடிபட்டவரின் வேதனையைத் தாங்களும் சுமக்கத் தொடங்குகிறார்கள் என்றார். தூக்கம் கெடும். சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். நோயாளி அழுதால் மனம் அசையாது. ஒருகாலத்தில் பெயர் சொல்லி விசாரித்தவர்களுக்கு இப்போது 'எட்டாம் நம்பர் பெட்' மட்டும்தான் நினைவில் இருக்கும்.

வேலைப்பளுவால் வரும் சலிப்பு வேறு. சம்பளக் குறைவு, மேலதிகாரியின் நெருக்கடி, முடியாத நேரக்கணக்கு ஆகியவற்றால் எந்த வேலையிலும் ஒருவர் சலித்துப்போகலாம். இரக்கச் சோர்வு, பிறர் துயரத்தோடு நெருங்கிப் பழகுவதாலேயே வருவது. அக்கறை இல்லாதவருக்கு இது வராது. அக்கறையோடு உள்ளே வந்தவர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார். அதனால் கடுகடுப்பான ஒரு செவிலியரையோ, முதியோர் உதவித்தொகை மனுவை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி வைக்கும் ஓர் ஊழியரையோ பார்க்கும்போது, 'இந்த ஆளுக்கு மனசாட்சியே இல்லை' என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. அந்த மேசைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பது என்ன மாதிரியான வரிசை என்று யோசிக்க வேண்டும். நடந்தே வந்த பாட்டி, கணவர் இறந்த சான்றிதழ் கிடைக்காத பெண், ஆதாரில் வயது தப்பாக ஏறிவிட்ட தாத்தா. அவர்களுடைய பிரச்சினையில் பாதி அந்த ஊழியரின் கையிலேயே இருக்காது. தன்னால் தீர்க்க முடியாத துயரத்தை நாள்தோறும் நேருக்கு நேர் பார்க்கும் மனம், பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது.

'தீர்க்க முடியாத' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

வார்டுக்கு வெளியே, பொதுமக்களுக்கும் இதே சோர்வு வரும் என்ற எண்ணம் பரவியதற்கு ஊடகம் ஒரு காரணம். 1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சம் பற்றிய பிபிசி செய்தி உலகத்தையே உலுக்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் நடந்த 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சிகளில் பணம் குவிந்தது. அதற்குப் பிறகு வந்த பஞ்சங்களுக்கு அந்த அளவு அதிர்ச்சி இல்லை. எலும்பும் தோலுமான குழந்தை, முகத்தில் ஈ, கையில் காலித் தட்டு என்ற படம் பழகிப்போய்விட்டது.

ஒரு குழந்தைக்கு இரங்கும் மனம்

பொதுமக்களின் இரக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2007-ல் வெளிவந்த ஒரு பரிசோதனையைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவரும் அமெரிக்காவில் நடத்தியது. ஒரு சின்ன வேலைக்குக் கூலியாக ஐந்து டாலரைக் கையில் கொடுத்துவிட்டு, கூடவே நன்கொடை கேட்டு ஒரு கடிதமும் கொடுத்தார்கள். சிலருக்கு வந்த கடிதத்தில் மாலி நாட்டைச் சேர்ந்த ரொக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் அவள் பசியும் இருந்தன. இன்னும் சிலருக்கு வந்த கடிதத்தில், மலாவியில் உணவுத் தட்டுப்பாட்டால் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது போன்ற கணக்குகள் மட்டும் இருந்தன.

ரொக்கியாவைப் பார்த்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். கணக்கைப் பார்த்தவர்கள் கொடுத்தது 1.14 டாலர். இது ஓரளவு எதிர்பார்த்ததுதான். ஆனால் மூன்றாவது கூட்டத்துக்கு ரொக்கியாவின் படத்தையும் கணக்கையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். முகமும் தெரிகிறது, பிரச்சினை எவ்வளவு பெரிது என்பதும் தெரிகிறது. அதிகம் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் கொடுத்தது 1.43 டாலர். லட்சக்கணக்கானோர் தவிக்கிறார்கள் என்ற செய்தி, கண்ணெதிரே இருந்த ஒருத்தியின் பங்கையும் குறைத்துவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு, 'மனித மனத்தின் கொள்ளளவு அவ்வளவுதான், ஒருவருக்கு மேல் இரங்க அதனால் முடியாது' என்று சொல்லிவிடலாம். நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2011-ல் டேரில் கேமரன், கீத் பெய்ன் என்ற இரு உளவியலாளர்கள் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார்கள். சூடானின் டார்ஃபர் பகுதியில் தவிக்கும் ஒரு குழந்தையைச் சிலருக்கும், எட்டுக் குழந்தைகளைச் சிலருக்கும் காட்டினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்கு 'பிறகு நன்கொடை கேட்போம்' என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது; மீதிப் பேருக்கு அந்தப் பேச்சே இல்லை.

பணம் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு எட்டுப் பேர் மேல் இரக்கம் குறைந்தது. அந்தப் பயம் இல்லாதவர்களுக்குக் குறையவில்லை.

இந்தத் துறையில் நான் படித்ததிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த முடிவுதான். இரக்கம் வற்றிப்போய்விடவில்லை. எட்டுப் பேரைப் பார்த்ததும், 'இவர்கள் எல்லோருக்கும் செய்ய நம்மால் ஆகாது, உள்ளே விட்டால் தாங்காது' என்று மனம் முன்னெச்சரிக்கையாகக் கதவைச் சாத்திக்கொள்கிறது. "எத்தனை பேருக்குத்தான் கொடுக்கிறது?" என்ற கேள்வி வெளிவருவது அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்துதான். ஸ்லோவிக்கும் ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் வெஸ்ட்ஃபியலும் செய்த பிற ஆய்வுகளும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டின. ஒருவருக்கு உதவ முடியும் என்ற நிலையிலும், உதவ முடியாத மற்றவர்களை நினைவூட்டினால் கொடுப்பதில் இருக்கும் நிறைவு குறைந்துவிடுகிறது. செய்த உதவியைவிட, செய்ய முடியாத உதவிதான் மனசில் பெரிதாக நிற்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் உதவிக் கோரிக்கைகளில் இதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். மூக்கில் குழாய் செருகிய குழந்தை, கட்டில் ஓரத்தில் அம்மா, கீழே வங்கிக் கணக்கு எண், ஜிபே எண், 'முடியாதவர்கள் பகிரவாவது செய்யுங்கள்' என்ற வரி. முதலில் வந்ததற்குப் பணம் போகும். அப்புறம் வருபவற்றுக்குப் பகிர்வதோடு சரி. பிறகு படம் தெரிந்ததுமே விரல் தானாகத் தள்ளிவிடும். இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் குழந்தைக்குச் சிகிச்சை நடந்ததா, பிழைத்ததா என்ற செய்தி நமக்கு வந்து சேர்வதே இல்லை. அழைப்பு மட்டும் வருகிறது, பலன் தெரிவதில்லை. கொடுத்தது எங்கே போய் விழுந்தது என்றே தெரியாமல் எந்த மனமும் நெடுநாள் கொடுத்துக்கொண்டிருக்காது.

அலையாக வந்து வடியும் உதவி

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் முகம் குப்புறக் கிடந்த சிரியச் சிறுவனின் புகைப்படத்தைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சிரியாவில் போர் தொடங்கி அப்போது நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது, லட்சக்கணக்கில் மக்கள் இறந்திருந்தார்கள். ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் சிரிய அகதிகளுக்காக ஒரு நிதி திரட்டிவந்தது. படம் வந்த வாரத்தில் நாளொன்றுக்கு வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை, அதற்கு முந்தைய வாரத்தைப் போல நூறு மடங்குக்குப் போனது. சில வாரங்களில் வடிந்தும்விட்டது. மாதாமாதம் தருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் மட்டும் பெரும்பாலும் தொடர்ந்தார்கள். இந்தக் கடைசிச் செய்தியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நமக்கு அந்த உதவி அலை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். எங்கெங்கிருந்தோ லாரிகள் வந்தன. அவற்றில் பெரும் பகுதி பழைய துணி. கிழிந்த சட்டை, ஜோடி இல்லாத செருப்பு, மீனவப் பெண்கள் உடுத்தாத உடைகள். சாலையோரம் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்து மழையில் நனைந்து மண்ணோடு மக்கின. மீனவர்கள் அதைத் தொட மறுத்தார்கள். அவர்கள் நேற்றுவரை படகு வைத்துச் சம்பாதித்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது படகும் வலையும் வீடும். அனுப்பியவர்கள் மனசில் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இரக்கம், எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் அளவுக்குக்கூட நிற்கவில்லை. நிரந்தர வீடுகள் கட்டி முடிய ஆண்டுகள் ஆயின. அப்போது லாரிகள் வரவில்லை.

இரக்கம் தீர்ப்பாக மாறும்போது

இனி மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம்: "உழைச்சுச் சாப்பிட வேண்டியதுதானே?"

1966-ல் மெல்வின் லெர்னர், கரோலின் சிம்மன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவியரை உட்காரவைத்து, ஒரு பெண் தவறான பதில் சொல்லும்போதெல்லாம் மின்அதிர்ச்சி வாங்குவது போன்ற காட்சியைக் காட்டினார்கள். (அது நடிப்பு. பார்த்தவர்களுக்கு அது தெரியாது.) அந்தப் பெண்ணின் வேதனையை நிறுத்த வழி இருந்தபோது, மாணவியர் நிறுத்தினார்கள், அவளைப் பற்றித் தாழ்வாகவும் பேசவில்லை. நிறுத்த வழியே இல்லாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியிருந்தபோது, மெல்ல மெல்ல அவளைக் குறைத்து மதிப்பிடத் தொடங்கினார்கள். அவளிடமே ஏதோ குறை இருக்கிறது என்பது போல.

உலகம் நியாயமாக இயங்குகிறது, நல்லவர்களுக்கு நல்லது நடக்கும் என்று நம்பினால்தான் நமக்கு நிம்மதி. ஒன்றுமறியாத ஒருவர் துன்பப்படுவதைப் பார்த்தும் எதுவும் செய்ய முடியாதபோது அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சுலபமான வழி உண்டு: துன்பப்படுகிறவர் மேலேயே பழியைப் போட்டுவிடுவது. அப்படிப் பார்த்தால் மூன்றாவது வாக்கியம் முதல் வாக்கியத்தின் பிள்ளை. முடியவில்லையே என்ற களைப்பு முதலில் வருகிறது. அந்தக் களைப்பை நியாயப்படுத்தத் தீர்ப்பு பின்னால் வருகிறது.

இந்தத் தீர்ப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1601-ன் ஏழைகள் சட்டமே உழைக்க முடியாத ஏழையையும் உடம்பில் தெம்புள்ள ஏழையையும் பிரித்துத்தான் நடத்தியது. 1834-ல் வந்த புதிய சட்டம் இன்னும் கடுமையானது. உதவி பெறுபவரின் நிலை, வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவரின் நிலையைவிடக் கீழாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அப்போதுதான் யாரும் வேண்டுமென்றே உதவி தேடி வரமாட்டார்களாம். நம் பக்கமும் இது இல்லாமல் இல்லை. 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பது நம் பழமொழிதான். ஆத்திசூடியில் 'ஏற்பது இகழ்ச்சி'க்கு அடுத்த வரியே 'ஐயமிட்டு உண்' என்று வருகிறது. வாங்குவது இழிவு என்றும் கொடுக்காமல் உண்ணாதே என்றும் சேர்த்துப் படித்து வளர்ந்தவர்கள் நாம். கொடுக்கும் கை நீளும்போதே வாங்கும் கையை நாம் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

அந்த 1834 மனப்பான்மை நம் மண்ணுக்கே வந்து என்ன செய்தது என்று தெரிய, தாது வருஷப் பஞ்சத்தைப் பார்க்க வேண்டும். 1876-ல் மழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் எல்லாம் பஞ்சத்தில் சிக்கின. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது குறைவான மதிப்பீடு. வில்லோபி ஹூப்பர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. குடும்பம் குடும்பமாகப் படத்துக்கென்று உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

வைசிராய் லிட்டன் 1877 ஜனவரியில் சென்னைக்கு அனுப்பியது ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை. இந்த மனிதரின் கதையை நின்று கவனிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தைக் கவனித்தவர் இவரேதான். பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாகக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகச் சொற்பம். அதற்காகக் கிடைத்தது பாராட்டு அல்ல, பணத்தை வாரி இறைத்தார் என்ற வசை. அந்த வசையோடு சென்னைக்கு வந்தவர் முதல் வேலையாக நிவாரணப் பணி செய்யும் ஆணுக்கான தானியத்தை நாளைக்கு ஒன்றரைப் பவுண்டிலிருந்து ஒரு பவுண்டாக, அதாவது சுமார் 450 கிராமாகக் குறைத்தார். கூட ஓரணாக் காசு. பட்டினி கிடந்த உடம்பு அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதவே போதாது என்று விடாமல் எழுதி வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச நிவாரணப் பணியில் வெட்டப்பட்டதுதான்.

டெம்பிளுக்கு இரக்கம் தெரியாது என்று சொல்ல முடியாது. பீகாரில் காட்டியவர் அவர். 'ஏழைக்கு அதிகம் கொடுத்துவிட்டான்' என்ற பேச்சு அவரை மாற்றியது. ஒரு சமூகம் தாராளமாகக் கொடுப்பவரை ஏளனம் செய்யத் தொடங்கினால், அடுத்த முறை கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர் கையை மூடிக்கொள்வார். இன்றைக்கு இலவசம் பற்றிய நையாண்டியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு பவுண்டு தானியம்தான் நினைவுக்கு வருகிறது.

சந்தேகத்துக்குப் பதில் இருக்கிறது

"காசு கொடுத்தா குடிச்சிடுவான்" என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். சோதித்தும் இருக்கிறார்கள். ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் தரும் திட்டங்கள் பற்றி வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளை உலக வங்கி ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, அந்தப் பணத்தால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பதற்கும் இதே கதி. பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் வேறு மூவரும் ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகரகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஏழு திட்டங்களின் விவரங்களை அலசினார்கள். பணம் பெற்றவர்கள் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு உருப்படியான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

சரி, குடிக்கிற ஏழை ஒருவர்கூட இல்லையா? இருக்கிறார். குடிக்கிற பணக்காரரும் இருக்கிறார். அவருக்கு வங்கி கடன் கொடுக்கும்போது யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

சந்தேகம் எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று கிடைக்கிறது. 1972 முதல் அங்கே நடந்துவரும் ஒரு பொதுக் கருத்துக் கணிப்பில், 1980-களில் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டார்கள். 'வெல்ஃபேர்', அதாவது நல உதவித் திட்டங்களுக்கு அரசு செலவிடுவது போதவில்லையா என்று கேட்டபோது, போதவில்லை என்றவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். 'ஏழைகளுக்கு உதவி' என்று கேட்டபோது, போதவில்லை என்றவர்கள் மூன்றில் இருவர் அளவுக்கு வந்தார்கள். செலவு ஒன்றுதான், கேட்டதும் அதே நாட்டு மக்களில் குலுக்கல் முறையில் பிரித்த இரு பிரிவினரைத்தான். முதல் கேள்விக்கு அவர்கள் மனசில் வந்து நின்றது, அரசியல் மேடைகள் வருஷக்கணக்காக வரைந்து காட்டிய ஏமாற்றுக்காரர். இரண்டாவதற்கு வந்தவர் உண்மையான ஏழை. வெளிநாட்டு உதவி பற்றியும் அப்படித்தான். கூட்டாட்சி பட்ஜெட்டில் அதற்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் அமெரிக்கர்கள் சராசரியாகக் கால்வாசி என்கிறார்கள். உண்மையில் அது ஒரு சதவீதத்தை ஒட்டியது. ஏற்கெனவே அள்ளிக் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பே பாதிக் களைப்பைக் கொண்டுவந்துவிடுகிறது.

யாருடைய மனநிலையையும் நம்பாத சோறு

இதுவரை சொன்னதிலிருந்து எனக்குத் தெளிவாவது இதுதான்: பசித்தவரின் சாப்பாடு இன்னொருவரின் அன்றைய மனநிலையை நம்பி இருக்கக் கூடாது. இரக்கம் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கிவைக்கலாம். பிறகு அந்த ஏற்பாடு தன் காலில் நிற்க வேண்டும். வாடிய பயிரைக் கண்டு வாடியவர் என்று நாம் அறிந்த வள்ளலார், வாடியதோடு நிற்கவில்லை. 1867 மே 23 அன்று வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. இன்றைக்கு அங்கே இலை முன்னால் உட்காருகிறவரைப் பார்த்து யாரும் உருக வேண்டியதில்லை. பந்தி நடக்கும், சோறு விழும்.

அரசும் அப்படிச் செய்ய முடியும் என்பதைத் தமிழ்நாட்டின் மதிய உணவு காட்டியது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-களிலேயே தொடங்கிய முயற்சி, 1950-களில் காமராஜர் காலத்தில் மாநிலம் முழுக்கப் பரவியது. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமாகப் பெருகியது. கஜானா காலியாகிவிடும், ஓட்டுக்காகச் செய்கிறார் என்று அப்போது எழுந்த எதிர்ப்புக் கொஞ்சமல்ல. 2001-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2022-ல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது. தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் 'உன் அப்பா குடிக்கிறாரா?' என்று யாரும் கேட்பதில்லை.

ரேஷனிலும் இதே புத்திசாலித்தனம் இருக்கிறது. 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனை விடவில்லை. வசதியுள்ளவருக்கு எதற்கு அரிசி என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் பிரிக்கத் தொடங்கினால் யாரோ ஒருவர் தராசைப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த ஒருவர் களைத்திருப்பார், சந்தேகப்படுவார், தீர்ப்புச் சொல்வார். உண்மையான ஏழைதான் முதலில் விடுபட்டுப்போவார்.

பிச்சை எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகளை அங்கே ரத்து செய்தது. 2021-ல், கொரோனா காலத்தில் சிக்னல்களிலிருந்து பிச்சைக்காரர்களை அகற்றக் கேட்ட மனு வந்தபோது, இதில் மேட்டுக்குடிப் பார்வை பார்க்க மாட்டோம், வேறு வழியில்லாததால்தான் தெருவுக்கு வருகிறார்கள் என்று உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னது. சிக்னலில் கை நீட்டுபவருக்குப் பத்து ரூபாய் கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. கொடுக்காவிட்டாலும் முகத்தைப் பார்த்து 'இல்லைங்க' என்று சொல்லலாம்.

நாம் என்ன செய்யலாம்?

டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற இரு ஆய்வாளர்கள் செய்த ஆய்வுகள் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டின. பிறர் வலியைத் தன் வலியாகவே உணர்வது ஒன்று. அவர் நலமாக வேண்டும் என்று விரும்பி அக்கறையோடு இருப்பது இன்னொன்று. முதலாவதில் பயிற்சி பெற்றவர்களுக்கு வேதனை கூடியது. இரண்டாவதில் பயிற்சி பெற்றவர்களுக்கு அதே துயரக் காட்சிகளைப் பார்த்தபோதும் நல்ல உணர்வும் தெம்பும் கூடின. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறு வேறு. செவிலியரும் சமூகப் பணியாளரும் நோயாளியின் கட்டிலில் தாங்களும் படுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பக்கத்தில் நின்றால் போதும். அதற்கும் அவர்களுக்கு மாற்று ஆளும், விடுப்பும், மனம்விட்டுப் பேச இடமும் வேண்டும். 'பொறுமையாக இருங்கள்' என்று அறிவுரை சொல்லிவிட்டு இரட்டை ஷிஃப்ட் போட்டால் ஒன்றும் நடக்காது.

மற்றவர்களுக்கு, ஸ்வீடனின் மாதாந்திர நன்கொடையாளர்கள் ஒரு வழி காட்டுகிறார்கள். மாதம் இவ்வளவு என்று, படம் எதுவும் கண்முன் இல்லாத ஒரு நேரத்தில் முடிவு செய்துவிடுங்கள். ஐந்நூறோ ஐயாயிரமோ, உங்கள் வசதிப்படி. தெரிந்த ஓர் இல்லம், ஒரு மாணவரின் கல்லூரிக் கட்டணம் என்று பலன் கண்ணுக்குத் தெரிகிற ஓரிரு இடங்களுக்கு அது போகட்டும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வாட்ஸ்அப் படத்துக்கும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். பகிர்வதற்கு முன்னால் அந்த எண்ணுக்கு ஒரு போன் மட்டும் போடுங்கள்.

அப்புறம், பணம் இல்லாமலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டு வேலைக்கு வருபவர், வாட்ச்மேன், தெருமுனையில் இஸ்திரி போடுபவர் ஆகியோரிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அது கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிவு செய்கிறார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அங்கே போய் நிற்க முடியாததாலும், எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று தெரியாததாலும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அரைநாள் விடுப்புப் போட்டுக் கூடவே போய் வாங்கிக் கொடுத்தால், நாளைக்கு அந்த வீட்டுக் குழந்தையின் படம் யாருடைய செல்பேசியிலும் கணக்கு எண்ணோடு சுற்ற வேண்டியிருக்காது.